ஒரே ஆணியில் ஆறு வருஷம்

தமிழ்நாட்டுக் குடும்பத்து அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு புத்தாண்டு போதாது. ஜனவரி 1 அன்று ஒன்று வரும். தை முதல் நாளில் பாதிப் புத்தாண்டு ஒன்று வரும். ஏப்ரல் 1 அன்று கணவரின் ஆபீஸ் கணக்கில் ஒன்று, சித்திரை முதல் நாளில் முறைப்படி ஒன்று, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கறுப்பு ஷூவும் பழுப்பு அட்டையுமாக இன்னொன்று. பூமி சூரியனை ஒரு சுற்றுச் சுற்றினால் ஆண்டு முடிகிறது என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. புது ஆண்டை வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி வீட்டுக்குள் அழைத்துவர ஓர் ஆள் வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை.

அந்த ஆள்தான் அம்மா. வயது 45-லிருந்து 65-க்குள். இருப்பிடம் சிறு நகரம், அல்லது பெருநகரத்தின் ஓரம். விடியற்காலையில் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் குனிந்திருப்பவர் இவரே. வேலைக்குப் போகும் அம்மாக்களும் இந்த வகையில் அடங்குவார்கள். இதே வேலைகளை ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிடுவார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

புத்தாண்டுக் காலம் டிசம்பர் இரண்டாம் வாரத்தில், மளிகைக்கடையில் தொடங்குகிறது. பருப்பும் புளியும் வாங்கி முடித்து, பையைக் கையில் எடுத்த பிறகுதான் அம்மா வந்த காரியத்தைக் கேட்பார்.

"அண்ணாச்சி, காலண்டர் வந்துருச்சா?"

"இன்னும் சிவகாசியிலேருந்தே கிளம்பலைக்கா."

இவர் அவரை அண்ணாச்சி என்பார், அவர் இவரை அக்கா என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது முப்பது வருஷமாகத் தீராத கேள்வி. காலண்டர் கல்லாவுக்குக் கீழே சுருட்டி வைக்கப்பட்டிருப்பதும் இருவருக்கும் தெரியும். கடனில்லாமல் வாங்குகிறவர்களுக்கு முதலில், கடனைத் திருப்பித் தருகிறவர்களுக்கு அடுத்து, மற்றவர்களுக்குப் பொங்கலுக்குப் பிறகு என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. மூன்றாவது முறை கேட்கும்போது கிடைக்கும். நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை, கணவரின் ஆபீஸ் என்று எல்லாவற்றையும் சேர்த்தால் டிசம்பர் முடிவதற்குள் வீட்டுக்கு ஏழெட்டு காலண்டர்கள் வந்து சேரும். கைப்பேசியிலும் காலண்டர் இருக்கிறதே என்று மகன் சொல்வதை அம்மா காதில் போட்டுக்கொள்வதில்லை. கைப்பேசியைக் கிழிக்க முடியாது.

ஏழெட்டில் இரண்டுக்கே வேலை உண்டு. ஒன்று தாளைத் தினமும் கிழிக்கும் தினசரி. திதி, நட்சத்திரம், நல்ல நேரம், சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் உள்ளங்கை அகலத் தாளில் இருக்கும். ராகு காலம் திங்கள் 7.30 முதல் 9, வெள்ளி 10.30 முதல் 12 என்பது அம்மாவுக்கு மனப்பாடம். ஆனாலும் தாளைப் பார்த்துச் சரிபார்க்காமல் புதுப் புடவையின் மடிப்பைக்கூடப் பிரிக்க மாட்டார். மற்றொன்று பெரிய கட்டங்கள் உள்ள மாதக் காலண்டர். சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் இதுதான் வீட்டின் கணக்குப் பதிவேடு. கட்டத்தில் 'சி' என்றிருந்தால் சிலிண்டர் வந்த நாள். 'பா' என்று எழுதி அடித்திருந்தால் பால் வாங்காத நாள். வட்டம் இஸ்திரிக்குப் போட்ட துணி. குறுக்குக் கோடு, வீட்டு வேலைக்கு வருகிறவர் வராத நாள். ஒரு முக்கோணமும் உண்டு; அதற்குப் பொருள் கேட்டால் "உனக்கெதுக்கு?" என்பார். சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. சமையலறைக் காலண்டருக்கு அப்படிப் பரிசு எதுவும் இல்லாததால் வீட்டில் யாரும் முயன்று பார்க்கவில்லை.

பழைய காலண்டர் போகாது. அதில் முருகன் இருக்கிறார், அல்லது லட்சுமி இருக்கிறாள். சாமி படத்தைக் குப்பையில் போடுவது எப்படி? ஆகவே புதியது பழையதன் மேலேயே மாட்டப்படும். நாளடைவில் ஒரே ஆணியில் ஆறு வருஷம் தொங்கும். ஏழாவதை மாட்டப் போகும்போது ஆணி சுவரோடு கையில் வரும். அப்போதுதான் அடியிலிருந்த தெய்வங்கள் கோயில் மரத்தடிக்குக் குடிபெயரும். தினசரியின் தடித்த அட்டைக்கு வேறு பிறவிகள் உண்டு. பிள்ளைக்குப் பரீட்சை அட்டையாகும், கரண்ட் போனால் விசிறியாகும், தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகும். கிழித்த தாள் விபூதி மடிக்க.

டைரியும் இப்படியே கைமாறும். ஆபீஸில் கொடுத்த டைரியில் அப்பா ஜனவரி 1 முதல் ஏறக்குறைய 6 வரை எழுதுவார்: "5.30-க்கு எழுந்தேன். நடைப்பயிற்சி." 7-ஆம் தேதியிலிருந்து அது வெறுந்தாள். பொங்கல் முடிவதற்குள் அது அம்மாவிடம் வந்துவிடும். பிறகு சீட்டுப் பணம், மொய் எழுதிய கணக்கு, தொலைக்காட்சியில் பார்த்துப் பாதி எழுதிக்கொண்ட பனீர் குருமாவின் செய்முறை என்று டிசம்பர் வரை நிரம்பும். ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுத விரும்புகிறவர் முதல் ஆறு பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படித்தால் போதும்.

முதல் நாள் என்ன செய்கிறோமோ அதுவே வருஷம் முழுக்க நடக்கும் என்பது அம்மாவின் கொள்கை. அதனால் ஜனவரி 1-லும் சித்திரை 1-லும் அழக்கூடாது, கடன் வாங்கக்கூடாது, பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கக்கூடாது, முக்கியமாக யாரையும் திட்டக்கூடாது. இதன் நேர்விளைவாக டிசம்பர் 31 அன்று வீட்டில் எல்லோருக்கும் பாக்கியில்லாமல் கிடைத்துவிடும். திட்டாத முதல் நாட்கள் எத்தனையோ கடந்துபோயின. இரண்டாம் தேதி மாறியதாகத் தெரியவில்லை.

அன்று இரவு மற்றவர்கள் விழித்திருப்பார்கள். மார்கழிக் கோலத்துக்கு நாலரைக்கு எழ வேண்டியவர் என்பதால் அம்மா பத்துக்கே படுத்துவிடுவார். பன்னிரண்டு அடித்ததும் கேக் பூசிய வாயோடு மகன் வந்து எழுப்புவான்.

"அம்மா, ஹேப்பி நியூ இயர்!"

"சரிப்பா. கேட்டைப் பூட்டிட்டியா?"

கிறிஸ்தவ வீடுகளில் இந்தத் தூக்கமும் இல்லை. நள்ளிரவு ஆராதனைக்குக் குடும்பமே போகும். அங்கே ஆளுக்கொரு வாக்குத்தத்த வசன அட்டை கிடைக்கும். மகனுக்கு வந்த வசனத்தையும் தனக்கு வந்த வசனத்தையும் ஒப்பிட்டு, அவனுடையதில் உழைப்பைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்காதா என்று அந்த அம்மா தேடுவார்.

ஜனவரி 1 பெரும்பாலும் மார்கழி 17. கோயில் ஒலிபெருக்கியில் அன்றைக்குரியது திருப்பாவையின் பதினேழாம் பாசுரம். அதில் ஆண்டாள் எழுப்புகிறவர்களில் யசோதையும் உண்டு. இந்த வீட்டு யசோதை அதற்குள் சாணி தெளித்துப் புள்ளி வைத்து முடித்திருப்பார். அன்று கோலத்துக்கு வாசகம் வேண்டும். 'இனிய புத்தாண்டு' என்று போட அம்மா நினைப்பார், ஆங்கிலத்தில்தான் போட வேண்டும் என்பாள் மகள். 'ஹேப்பி' பெரிதாக, 'நியூ' சிறிதாக, இடம் போதாமல் 'இயர்' எதிர்வீட்டு வாசலில் போய் முடியும். எதிர்வீட்டு அம்மா கூடுதல் எழுத்தை அழிக்காமல், அதைச் சுற்றித் தன் பூசணிப் பூக்களை வைத்துவிடுவார்.

போகியில் 'பழையன கழிதல்' என்று ஊரே சொன்னாலும் அம்மா எதையும் எளிதில் கழிய விடுவதில்லை. தீபாவளி இனிப்பு வந்த டப்பா, ஜவுளிக்கடைக் கட்டைப்பை, கைப்பிடி போன பிரஷர் குக்கர் ஆகியவை வாசல் வரை போய்த் திரும்பி வரும். பொங்கல் தனிக் கட்டுரைக்கு உரியது. ரேஷன் கடையில் தரும் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, முழுக்கரும்பு ஆகியவற்றுக்கான டோக்கனை எந்த டப்பாவில் வைத்தார் என்பதைக் கண்டுபிடிக்க வீடே ஒரு மாலைப் பொழுதைச் செலவிடும் என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

தைதான் தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2011-இல் அது விலக்கப்பட்டு மறுபடியும் சித்திரை ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் அறிஞர்கள் மேடையிலும் பத்திரிகையிலும் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா தையில் பொங்கல் வைத்தார், சித்திரையில் பச்சடி வைத்தார். இரண்டு தரப்பும் அவர் கையால் சாப்பிட்டன.

சித்திரைக்கான ஏற்பாடு பங்குனிக் கடைசியில் வேப்ப மரத்தடியில் ஆரம்பிக்கிறது. ராத்திரியே மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டால் காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். மரம் எதிர்வீட்டுக்காரருடையது, கிளை பொது, வேட்டி அப்பாவுடையது. வேட்டி இன்னும் பழையதாகவில்லை என்பதை அவர் மறுநாள்தான் அறிவார்.

கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்து அம்மாக்களுக்கு முதல் நாள் இரவே வேலை கூடுதல். தட்டில் மா, பலா, வாழை, வெற்றிலை, பூ, பணம், நகை எல்லாம் வைத்து, பின்னால் கண்ணாடியைச் சாய்த்து, விளக்குக்குத் திரி போட்டுவிட்டுக் கடைசியாகப் படுப்பார்கள். விடிகாலையில் ஒவ்வொருவரையும் கண்ணை மூடி இந்தக் கனித் தட்டின் முன் கூட்டிவந்து நிறுத்துவதும் இவர்கள் பொறுப்பே. எல்லோரும் மங்கலமானதில் முதன்முதலாகக் கண் விழிக்கிறார்கள். அம்மா மட்டும் அலாரத்தில் விழிக்கிறார். யாழ்ப்பாணத்து அம்மாவின் கவலை வேறு. வாக்கியப் பஞ்சாங்கம் வருஷம் பிறக்கும் நேரத்தை ஒன்றாகவும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வேறாகவும் சொல்லும். மருத்துநீர் வைத்து முழுகுவது எந்த நேரத்தில், பெரியவர்களிடம் கைவிசேடக் காசு வாங்குவது எந்த நேரத்தில் என்று அவர் இரண்டுக்கும் நடுவே ஒரு நேரத்தை வகுத்தாக வேண்டும்.

மாங்காய்ப் பச்சடி இந்த நாளின் மையம். மாங்காயின் புளிப்பு, வெல்லத்தின் இனிப்பு, வேப்பம்பூவின் கசப்பு, மிளகாயின் உறைப்பு, உப்பு, கூடவே கொஞ்சம் துவர்ப்பு என்று அறுசுவையும் வாழ்க்கையும் இதில் அடக்கம் என்று அம்மா ஒவ்வோர் ஆண்டும் விளக்குவார். கேட்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வேப்பம்பூவைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவார்கள். ஒதுக்கிய கசப்பை வீணாக்கக் கூடாதென்று கடைசியில் சாப்பிடுகிறவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பில் வடை, பாயசம், போளி. வெளியே கத்திரிக்கு முன்னோட்டமான வெயில். உள்ளே முழுப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14-லேயே சித்திரையும் பிறந்துவிடுவதால் ஒரு லீவு போய்விட்டது என்ற அப்பாவின் புலம்பலும் இலையில் உண்டு. லீவைப் பற்றிப் பேச்சு வரும்போது அம்மா அநேகமாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

மாலையில் பஞ்சாங்கம் படிக்கப்படும். ஆண்டுகளுக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள். சுற்று முடிந்தால் மறுபடியும் பிரபவ. 2024 ஏப்ரலில் பிறந்த ஆண்டு குரோதி. சினம் உடையது என்று பொருள் என்பதால், அந்த ஆண்டு வீட்டில் யார் எரிந்து விழுந்தாலும் பழியை வருஷத்தின் தலையில் போட முடிந்தது. அடுத்தது விசுவாவசு, அதற்கடுத்து 2026-இல் பராபவ. 1966-இல் பராபவ பிறந்தபோது பிறந்த அம்மாக்களுக்கு அதில் ஒரு சுற்று நிறைகிறது. அதற்கென்று தனி விசேஷம் பெரும்பாலும் கிடையாது. கணவருக்கு 60 நிறையும்போது இவருக்கும் சேர்த்து ஒரு தாலியைக் கட்டிவிடுவார்கள். ராசிக்கு ராசி ஆதாயம், விரயம் வாசிக்கும்போது மட்டும் அம்மா சமையலறையை விட்டு வெளியே வந்து நிற்பார். அப்பாவின் ராசிக்கு ஆதாயம் 2, விரயம் 14 என்று வந்தால், "இதைச் சொல்லப் பஞ்சாங்கம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

மிச்சப் பாயசம் தூக்குச் சட்டியில் எதிர்வீட்டுக்குப் போகும். சட்டி வெறுமையாகத் திரும்பி வராது. அதில் எதிர்வீட்டுப் பாயசம் இருக்கும்.

அதற்குப் பிறகு வருஷம் தானாக ஓடும். இலவசமாகக் காலண்டர் கொடுத்த நகைக்கடை சித்திரை முடிவதற்குள் அட்சய திருதியை என்று கைப்பேசியில் நினைவூட்டும்; அம்மா அன்று உப்பும் மஞ்சளும் வாங்கி அட்சயத்தைச் சமாளித்துவிடுவார். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆடிப்பெருக்கு. அன்று அம்மா தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றிச் சித்திரான்னம் கிளறுவார். அதே நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது வழக்கம். இந்தச் செய்தி எப்படியோ அம்மாவுக்கு எட்டிவிடும். அந்த வாரமே எலுமிச்சம்பழம் வாங்கப் போகிற சாக்கில் மளிகைக்கடையில் நிற்பார்.

"அண்ணாச்சி, அடுத்த வருஷத்துக்கு நம்ம வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருங்க."

அண்ணாச்சி தலையைத் திருப்பி, பின்சுவரில் இன்னும் முழுதாகக் கிழிபடாமல் தொங்கும் இந்த வருஷத்தைப் பார்ப்பார்.