ஒரு சாணும் இரண்டு விரற்கடையும்

அப்பாவின் கத்திக்கு அலகு மட்டும் ஒரு சாணுக்கு மேல் இரண்டு விரற்கடை நீளம். திரேஸ்புரத்து வீட்டுக்குள் அதை நாங்கள் பார்த்ததே இல்லை. கயிறும் வலையும் அறுக்க வள்ளத்தில் கிடக்கும். கரையேறும்போது பலகைக்கு அடியில் செருகிவிட்டு வெறுங்கையோடு வருவார்.

1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் அவர் குளியாள். எனக்கு ஏழு வயது. "சுறா வந்தா கத்தியால குத்துவியாப்பா?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள கத்தி எதுக்குல? மேல ஒங்க மாமா கயிறு பிடிச்சிருக்காம்லா."

கல்லோடு முத்துப் பாருக்கு இறங்குகிறவனின் கயிற்றை மச்சினன் பிடிப்பதுதான் அன்று இந்தக் கரையின் வழக்கம். அக்காள் தாலி அவன் கையில். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் அடுத்த கணம் இழுத்தாக வேண்டும்.

போன மாதம் மகள்வழிப் பேரனின் பைக் சீட்டுக்கு அடியில் ஒரு கத்தி கண்டேன். ஹார்பரில் இரவு ஷிப்ட் பார்க்கிற பையன். அலகைச் சாண் போட்டுப் பார்த்தேன். அதே நீளம்!

"பாதுகாப்புக்குத்தான் தாத்தா" என்றான். அவன் கூட்டாளியை வேலைவிட்டு வரும் வழியில் மறித்து அடித்திருக்கிறார்கள். அவன் பயம் பொய்யில்லை. அதனால் ஏசாமல் உட்காரவைத்துப் பேசினேன்.

ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டு, அப்பாவின் கடைசிக் குளிப்புக்கு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுதம் என்கின்றன. 9 அங்குலம் என்பது நம் கணக்கில் ஒரு சாண். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. உடன்குடிப் பக்கம் பனையேறி இடுப்பில் கட்டிப்போகும் பாளை அரிவாள் அப்படிப்பட்டது, அப்பாவின் கத்தியும்தான். பேரனுடையது எந்தத் தொழிலுக்கு? 2021-இல் டி.ஜி.பி. சைலேந்திர பாபு, கத்தி, அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரியைப் பட்டறைகளில் எழுதிவைக்கச் சொன்னபோது சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது.

தற்காப்பு உரிமை வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைத் தருகின்றன. ஆபத்து கண்முன் நிற்க வேண்டும், தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது. என்றைக்கோ வரப்போகிற ஆபத்துக்காக இன்றே கத்தி செருகிக்கொள்ள அதில் இடமில்லை. சட்டத்தை விடு, கத்தி இருக்கிறவன் ஓடவேண்டிய இடத்தில் நின்றுவிடுவான் என்றேன். அப்படி நின்று செத்த பையன்களின் வீடுகளுக்குத் துட்டி கேட்கப் போய்வந்தவன் நான்.

அவன் தலைகுனிந்தபடியே கேட்டான்: "அப்ப நான் தனியா எப்படி தாத்தா வருவேன்?"

என் மகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கத்தியை வாங்கிக் கொண்டுபோய் வள்ளத்தில் போட்டான். அன்றிலிருந்து ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஹார்பர் வாசலில் வண்டியோடு நிற்கிறான், தாய்மாமன்.