அசையாதவர்களுக்கு மட்டும் அசல் நிறம்

கல்யாண வீட்டில் கேமரா பிடித்தவர்களுக்குத் தெரியும். குரூப் போட்டோவில் எல்லோரும் ஒழுங்காக நின்றிருப்பார்கள். பெண்ணின் பெரியப்பா மட்டும் கண்ணை மூடியிருப்பார். அவர் திறந்த படத்தில் மாப்பிள்ளை மூடியிருப்பார். பழைய கல்லறைகளைப் படம் எடுப்பதில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே எல்லோரும் கண்ணை மூடியவர்கள்தான். ‘இதுல நான் குண்டா இருக்கேன், அழிச்சிடுங்க’ என்று யாரும் சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நச்சரிப்பதும் இல்லை.

இந்தச் சௌகரியத்துக்காகவே நான் பழவேற்காட்டுக்குப் போய்வருகிறேன். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை வியாபாரத்தை அங்கிருந்துதான் நடத்தினார்கள். கோட்டை போய்விட்டது. கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் 1656 என்று ஆண்டு பொறித்திருக்கும். இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பெண்வீட்டார் மாதிரி நம்மை வரவேற்கும். கையில் பன்னீர்ச் செம்புதான் இல்லை.

கேமரா ஆடாமல் இருக்க ஸ்டாண்ட் வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் ஸ்டாண்ட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு துணிப்பையில் அரிசியை நிரப்பி, அதன்மேல் கேமராவை உட்காரவைப்பது என் வழக்கம். அம்மாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை.

“கல்லறைக்கு அரிசி கொண்டு போறியே, யாருக்குடா வாய்க்கரிசி?”

“கேமராவுக்கும்மா.”

“திரும்பி வந்ததும் அதையும் சேத்துக் குளிக்க வெச்சிட்டு உள்ள வா.”

லென்ஸ் தலைக்குக் குளித்தால் என்ன ஆகும் என்று வாசலில் நின்று விளக்கம் கொடுத்தேன். ஒரு வழியாக மஞ்சள் தண்ணீர் தெளிப்பதோடு சமாதானமானாள். தெளித்ததில் இரண்டு சொட்டு கண்ணாடியில் விழுந்தது. என் முதல் மஞ்சள் ஃபில்டர் அதுதான்.

கடையில் விற்கிற ஃபில்டரும் தத்துவத்தில் இதேதான். அது நிறத்தைக் கூட்டுவதில்லை, கழிக்கிறது. தன் நிறத்து ஒளியை உள்ளே விட்டு, எதிர் நிறத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சள் ஃபில்டர் போட்டால் நீல வானம் லேசாக இருட்டும். மேகம் எடுப்பாகத் தெரியும். பச்சை போட்டால் செடிகொடி வெளுக்கும். சிவப்பு போட்டால் பட்டப்பகல் வானம் கிட்டத்தட்ட கறுத்துப்போகும்; வெள்ளைச் சுதை பூசிய குவிமாடம் அதில் பளிச்சென்று நிற்கும். ஆன்சல் ஆடம்ஸ் 1927இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார், மனசு கேட்கவில்லை. கையில் மிஞ்சியிருந்த கடைசித் தகட்டை அடர்சிவப்பு ஃபில்டரில் எடுத்தார். உலகம் அறிந்த படம் அந்தக் கடைசித் தகடுதான்.

சிவப்பு ஃபில்டருக்கு ஒரு கெட்ட குணம், ஒளியைச் சாப்பிட்டுவிடும். 25ஆம் எண் சிவப்புக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் ஒளியைப்போல் 8 மடங்கு கொடுக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் அவ்வளவு நேரம் பொறுக்க மாட்டார்கள். கல்லறைக்காரர்களுக்கு அவசரம் இல்லை.

என்னோடு வரும் அக்கா மகனுக்கு இந்தக் கண்ணாடி வித்தையெல்லாம் வேடிக்கையாக இருக்கிறது. அவன் செல்போனில் ‘விண்டேஜ்’ என்றொரு ஃபில்டர் இருக்கிறது. தொட்டால் படம் பழுப்பேறிப் பழசாகிவிடும். 1656ஆம் ஆண்டு வாசலைப் பழசாகக் காட்ட ஃபில்டர் போடும் தலைமுறை இது. போகட்டும். டச்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்ததே நிறத்துக்காகத்தான். சாயவேரில் சிவப்பேற்றிய நம் பருத்தித் துணியை வாங்கிக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய், மிளகு, கிராம்பு, ஜாதிக்காயோடு பண்டமாற்று செய்தார்கள். அவர்கள் கல்லறைக்கு நாம் கொஞ்சம் சாயம் ஏற்றினால் கணக்கு நேராகிவிடும்.

எனக்குப் பிடித்த வித்தை வேறு. கோடக் நிறுவனத்தின் பாப் ஹாரிஸ் கண்டுபிடித்தது. அவர் பெயரால் ஹாரிஸ் ஷட்டர் என்பார்கள். கேமராவை அசைக்காமல் ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஃபில்டர்களில் தனித்தனியாக எடுத்து, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அசையாதவை மூன்றிலும் ஒரே இடத்தில் இருப்பதால் சொந்த நிறத்தில் வந்துவிடும். அசைந்தவை மூன்று நிறங்களில் மூன்று இடத்தில் சிதறிப்போகும். 1861இல் மாக்ஸ்வெல் உலகுக்குக் காட்டிய வண்ணப் படமும் மூன்று ஃபில்டர் கணக்கில் வந்ததுதான். அவர் புத்திசாலி, ஓடாத ஆடாத ரிப்பனைப் படம் எடுக்கவைத்தார்.

பழவேற்காட்டில் ரிப்பன் கிடையாது, ஆடு உண்டு. வெள்ளை ஆடு ஒன்று கல்லறைக்குக் கல்லறை மேய்ந்துகொண்டு போனது. படத்தில் சிவப்பாடு, பச்சையாடு, நீலாடு என மூன்றாக வந்தது. வெளுத்த வானத்தில் பறந்த காகத்துக்குக் கணக்கு தலைகீழ்: கறுப்பு ஒளியை மறைப்பதால் மயில்நீலம், மெஜந்தா, மஞ்சள் என மூன்று காகங்கள். நடுவில் என் மருமகன், வெள்ளைச் சட்டையில், மூன்று நிறத்திலும் ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஆவியாக ஓடுகிறான். கூர்நுனித் தூண்களும் சமாதிகளும் மட்டும் அச்சு அசலாக, பாசியின் பச்சைகூட மாறாமல் நிற்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் பேய்மாதிரி தெரிந்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள் மட்டும்தான்.

வீட்டில் எல்லோரும் படத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். மருமகனுக்குக் கோபம்.

“என்ன மாமா, என்னை மட்டும் பேயாக்கிட்டீங்க?”

“அந்தக் கல்லைப் பாரு, எப்படிச் சமத்தா நிக்குது. நீயும் அப்படி ஆடாம அசையாம இருந்திருந்தா உன் கலரும் ஒழுங்கா வந்திருக்கும்.”

உள்ளேயிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். “பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சாடா இது? அவன் ஓடிக்கிட்டே இருக்கட்டும். பச்சையா வந்தா வரட்டும், செவப்பா வந்தா வரட்டும்!”