வேதக்காரர் புணரியல்

வேதக்காரர் ஒற்றுமையை ஆராயப் புகுந்தோர் விவிலியத்தைத் திறப்பது வழக்கம். யாம் நன்னூலைத் திறந்தோம். இரண்டு சேர்ந்தால் என்ன நேரும் என்பதைப் பவணந்தியார் அளவுக்கு அறிந்த ஆயர் எவருமிலர். அவர் சமணர், ஆதலால் பக்கச்சார்பும் இல்லை. நிற்கும் நிலைமொழியோடு வருமொழி வந்து சேரும் சேர்க்கை இயல்பு, விகாரம் என இரண்டு. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று.

இயல்பாவது, சேர்ந்தும் மாறாதிருப்பது. ஜனவரி 18 முதல் 25 வரையான கிறிஸ்தவ ஒற்றுமை வாரத்தைக் காண்க. அவர் கோயிலில் இவர் பிரசங்கம். பிறகு றோல்ஸ், பிளேன்ரீ. 26ஆம் தேதி நிலைமொழி நிலைமொழியே.

திரிதல் ஒல்லாந்தர் கைவேலை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் நயினாதீவை ஹார்லெம் என்றும் அனலைதீவை ரொட்டர்டாம் என்றும் திரித்த கையோடு, பறங்கியர் கோயில்களையும் தங்கள் சபைக் கோயில்களாகத் திரித்தனர். தோம்பில் ஆள் திரிந்தார். வீட்டில் செபமாலை திரியவில்லை. 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகள், கழுத்திற் செபமாலையோடு படலை படலையாக இரந்து இவ்விதியைக் கண்டறிந்தார்.

தோன்றலுக்குக் காட்டு 1947 செப்டெம்பர் 27, சென்னை. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனின் வழியினர், பேராயரே வேண்டாமென்று வளர்ந்தவர்கள், தென்னிந்தியத் திருச்சபையிற் சேர்ந்ததும் பேராயர் ஒருவர் தோன்றினார்: சபாபதி குலேந்திரன். அவர் ஆண்ட பரப்புக்கு ஆதீனம் என்று பெயர். சைவ மடத்திற் கிடைத்த உடம்படுமெய். கடல் தாண்டிச் சேர்ந்த இவர்கள், வேலிக்கு அப்பாலிருந்த அங்கிலிக்கரோடும் மெதடிஸ்தரோடும் சேரவில்லை. சென்னையிற் கலியாணம், பக்கத்து வளவோடு வணக்கம் மட்டும்.

கெடுதலுக்கு வள்ளம் ஏற வேண்டும். நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்த கச்சதீவு ஏறத்தாழ 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லை, குடிமக்கள் இல்லை, அந்தோனியார் உண்டு. உலகெங்கும் ஜூன் 13இல் திருநாள் காணும் அவர், இங்கே கடலின் வசதி பார்த்து மாசி, பங்குனியில் காண்கிறார். தீவை இலங்கையின் பக்கம் சேர்த்த 1974 உடன்படிக்கை, யாத்திரிகருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டாமென்றது. குறிகாட்டுவானிலிருந்து இவர் போக, இராமேசுவரத்திலிருந்து அவர் வர, இடையெழுத்துக் கெட்டது. ஒரே கொடி, ஒரே சிலுவைப்பாதை, ஒரே திருப்பலி; கூட்டத்திற் சைவரும் உண்டு.

மன்றாட்டுத்தான் இரண்டு. "அந்தோனியாரே, அந்த றோலருகள் எங்கட வலையை அறுக்காமல் பாரும்" என்பது ஒன்று. "எங்க படகு நேவி கையில மாட்டாம காப்பாத்தும்" என்பது மற்றது. இரண்டும் தமிழே, மெழுகுதிரிகள் அடுத்தடுத்து எரிகின்றன. தொலைந்ததை மீட்டுத் தருபவர் என்று பெயரெடுத்த புனிதர் வலையை மீட்பாரா, படகை மீட்பாரா? இவ்விடத்தில் உரைகாரர் எல்லோரும் மௌனம்.

2024இல், இலங்கை நீதிமன்றம் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து இராமேசுவரத்து மீனவர் திருவிழாவைப் புறக்கணித்தனர். வருமொழி வரவில்லை. நிலைமொழி தனியே சுரூபத்தைச் சுமந்து சுற்றி வந்தது.