சமையல்காரர் சித்தம்

1992-இல் பாரிஸின் 14-ஆவது வட்டாரத்தில் சமையல்காரர் ஈவ் காம்டெபோர்ட் 'லா ரெகலாட்' உணவகத்தைத் திறந்தபோது நோக்கம் எளிமையானது: பெரிய ஓட்டலின் கைப்பக்குவம், சாதாரண மேசை, கட்டுப்படியாகும் ஒரே விலை. அவர் வழி வந்த நவநாகரிக பிஸ்ட்ரோக்களில் (சிறு உணவகங்களில்) இன்று மேசை மட்டும் சாதாரணமாகவே இருக்கிறது. பக்கத்து மேசைக்காரரின் முழங்கை நம் தட்டில்.

என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு சீட்டு வரும். 'பீட்ரூட், புகை, வெண்ணெய்'. வினைச்சொல்லுக்குத் தனிக் கட்டணம் போலும். பிறகு பரிமாறுபவரின் விளக்கவுரை: எந்தப் பண்ணை, எந்தப் பசு. உரை ஐந்து நிமிடம், பீட்ரூட் இரண்டு வாய். கலங்கலான 'இயற்கை' ஒயினில் தொழுவ வாடை அடித்தால் மூக்கைச் சுளிக்கக் கூடாது. அது மண்ணின் குணமாம்.

நல்லவேளை, சாப்பாட்டோடு ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் பிரான்ஸில் காசு கிடையாது. அது விதி. ஐந்தாவது தட்டுக்குப் பிறகும் வயிறு முறையிட்டால் ரொட்டிக் கூடையை இன்னொரு தரம் கேட்கலாம். சேவைக் கட்டணமும் விலைக்குள்ளேயே அடக்கம்; டிப்ஸ் வைக்காமல் எழுந்தாலும் கூச்சம் வேண்டாம். இரவு விலை மிரட்டினால் மதியம் போங்கள். அதே பீட்ரூட் மலிவாகக் கிடைக்கும், புகை மட்டும் கொஞ்சம் குறைவாக.