ஏமாறுறதுக்குன்னு ஒரு முடிச்சு

ஏலே பேராண்டி, சேக்காளிக நாலு பேரும் எகிப்துக்குக் கெளம்பிட்டீகன்னு உங்க ஆச்சி சொன்னா. நல்லது. அங்க எவன் எவன் எப்படி ஏமாத்துவான்னு ஒரு நோட்டு நெறைய எழுதி வச்சிருக்கியாமே? அதை மொதல்ல அடுப்புல போடு. ஏமாறாமத் திரும்பணும்னு வைராக்கியத்தோட போறவன் பிரமிடைப் பாக்க மாட்டான், பக்கத்துல நிக்கவன் கையைத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். நான் சொல்லுதது என்னன்னா, ஏமாறுறதுக்குன்னே ஒரு தொகையைத் தனியா முடிஞ்சு வச்சுக்கோ. அது தீருத வரைக்கும் சந்தோசமா ஏமாறு. தீந்த பொறவு காது கேக்காதவனாயிரு.

அந்த முடிச்சுல பெரிய நோட்டு ஆகாது. ஏடிஎம்முல போனா 200 பவுண்டு நோட்டாத் துப்பும். அதை வாங்குத எவன்கிட்டயும் சில்லறை இருக்காது. சட்டைப்பையில அஞ்சும் பத்தும் பிதுங்கிக்கிட்டு நிக்கும், ஆனாலும் இருக்காது. பெரிய கடையாப் பாத்து ஒரு தண்ணி பாட்டிலு வாங்கி நோட்டை மாத்திக்கோ. அஞ்சு, பத்து, இருபதுன்னு கையில இருந்தா அந்த ஊர்ல நீயும் ஒரு பண்ணையாருதான். கக்கூசு வாசல்ல ரெண்டு முழம் காகிதம் நீட்டுதவனுக்குப் பக்சீசு, பெட்டியை நாலு எட்டு தூக்குனவனுக்குப் பக்சீசு, உனக்கே தெரிஞ்ச வழியைக் காட்டுனவனுக்கும் பக்சீசு. (கக்கூசுக்குள்ள தண்ணிக் குழாய் இருக்கும், அந்தக் கவலை வேண்டாம்.) பொதுச்செலவுப் பணத்தை, கல்யாண வீட்டுல மொய் வைக்க முந்தி எவன் ரெண்டு தடவை எண்ணிப் பாக்கானோ அவன்கிட்டக் கொடுத்துருங்க.

கெய்ரோவுல எறங்குன அன்னைக்கே பிரமிடுக்கு ஓடாதீக. 4,500 வருசமா அங்கதான் கெடக்கு, உங்களுக்காக இன்னொரு ராத்திரி பொறுக்கும். அன்னைக்குச் சாயந்தரம் ரோட்டைத் தாண்டிப் பழகுங்க. சிரிக்காதலே. அங்க கார்க்காரன் ரோட்டுல போட்ட கோட்டைப் பாக்க மாட்டான், சிவப்பு வெளக்கையும் லேசாத்தான் மதிப்பான். ஓடுனா அடிபடுவே, நின்னா விடிய விடிய நிப்பே. கோயில் யானை கணக்கா ஒரே சீரா நடக்கணும், வண்டி தானா ஒதுங்கும். தைரியம் வரலையா, காய்கறிப் பையோட ஒரு அம்மா எறங்குவா பாரு, அவ நெழலுக்குள்ள போயிரு.

தாண்டுன கூலிக்கு அந்தப் பக்கம் கொஷாரிக் கடை இருக்கும். சோறு, முழு மைசூர்ப் பருப்பு, மக்ரோனி, அதுக்கு மேல கொண்டக்கடலை, தக்காளிச் சாறு, உச்சியில மொறுமொறுன்னு கருக வறுத்த வெங்காயம். கடைக்காரன் கரண்டியைக் கிண்ணத்துல டங்கு டங்குன்னு தட்டித் தட்டித்தான் போடுவான், அந்தச் சத்தத்துக்கே பசிக்கும். மேசையில ரெண்டு பாட்டிலு. ஒண்ணு பூண்டும் வினிகரும், இன்னொண்ணு மொளகாக் காரம். 'எங்க ஊரு காரத்துக்கு இது எம்மாத்திரம்'னு உங்கள்ல ஒருத்தன் அப்படியே கவுப்பான். கவுக்கட்டும், தடுக்காதே. மறுநா பிரமிடுக்குள்ள நொழைய அவன் வர மாட்டான், ஒரு டிக்கெட்டுக் காசு மிச்சம்.

பிரமிடு இருக்குத கீசாவுக்கு வெயிலு ஏறுததுக்கு முந்தியே போயிருங்க. இப்ப ஃபயூம் ரோட்டுப் பக்கம் புது வாசல் வச்சு, உள்ள சுத்தப் பஸ்ஸும் விட்டிருக்காக. ஆனாலும் ஒட்டகக்காரன் கண்ணுக்கு நீ தப்ப மாட்டே. 'எந்த ஊரு? இந்தியாவா? அமிதாப் பச்சன்!'ம்பான். நீ பல்லைக் காட்டுனா தீந்தது. ஒரு துண்டை எடுத்து உன் தலையில சுத்திவிட்டு, காசே வேண்டாம், அன்பளிப்புங்கான். சுத்துததுக்குக் காசு கெடையாது, அவுக்கத்தான் காசு. ஒட்டகமும் அப்படித்தான், ஏறுதது மலிவு, எறங்குததுலதான் அவன் புள்ளைகுட்டி பொழைக்கு. அதனால ஏறி எறங்குத வரைக்கும் சேத்து ஒரே விலையாப் பேசு, மண்ணுல காலு ஊனுன பொறவு கொடு. இன்னொரு சங்கதி. ஒட்டகம் எந்திரிக்கையில பின்னங்காலைத்தான் மொதல்ல தூக்கும். நீ அது தலையைத் தாண்டி விழப் பாப்பே. பின்னால சாஞ்சு சேணத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. படுக்கையில முன்னங்கால் முட்டியை மடக்கும், அப்பவும் முன்னாலதான் தள்ளும். ரெண்டு தடவையும் உன்னைக் கும்பிடு போட வச்சுத்தான் விடும்.

பெரிய பிரமிடு குஃபு ராசாவோடது. கட்டுன காலத்துல 146 மீட்டர் உசரம். மேல இருந்த வழுவழுப்புக் கல்லையெல்லாம் உரிச்சுக் கெய்ரோவுல கட்டடம் கட்டிக்கிட்டாக, இப்ப 138 மீட்டர் சொச்சம். உள்ள போகத் தனி டிக்கெட்டு. வாசல்னு நெனச்சு நீ நொழையுதது புதையல் தேடுனவுக கொடஞ்ச பொந்து. ஒம்பதாம் நூத்தாண்டுல கலீபா மாமூனோட ஆளுக கொடஞ்சதுன்னு சொல்லுதாக. பொறவு முதுகை ஒடிச்சு, குனிஞ்ச வாக்குலயே ஏறணும். ஏறுதவனுக்கும் எறங்குதவனுக்கும் ஒரே வழி. முன்னால போறவன் இடுப்புதான் உனக்குத் தரிசனம். வேர்த்து விறுவிறுத்துப் போகையில திடீர்னு கூரை எட்டு மீட்டருக்கு மேல எகிறும், அப்பதான் கழுத்தை நிமித்துவே. உச்சி அறைக்குப் போனா மூடியில்லாத ஒரு கல்லுத்தொட்டி, அதுவும் காலி. சுவத்துல ஒரு படம் கெடையாது. 'இதுக்கா இம்புட்டுத் துட்டு?'ம்பான் ஒருத்தன். அவனை அண்ணாந்து கூரையைப் பாக்கச் சொல்லு. ஒம்பதே கல்லு, மொத்தம் 400 டன்னு வரும். 800 கிலோமீட்டருக்கு அங்கிட்டு அஸ்வான்ல வெட்டி, நைல் ஆத்து வழியா வந்தது. லாரி கெடையாது, கிரேன் கெடையாது. அதைக் கேட்டும் அவன் டிக்கெட்டு விலையையே பேசுனா, நாளையில இருந்து அவனை ஓட்டல்லயே விட்டுருங்க.

கைடு சொல்லுததை நம்பவும் வேண்டாம், மறிச்சுப் பேசவும் வேண்டாம். அவுக சரடு விடுதது நேத்து முந்தாநேத்துப் பழக்கம் இல்லை. 2,400 வருசத்துக்கு முந்தி ஹெரடோட்டசுன்னு ஒரு கிரேக்கன் இதே எடத்துக்குச் சுத்திப் பாக்க வந்தான். அவன் வந்தப்பவே பிரமிடுக்கு 2,000 வயசு. அதுல இருந்த எழுத்தைக் காட்டி, இது என்னன்னு கேட்டிருக்கான். கூட வந்த துபாசி கண்ணு இமைக்காம, வேலை செஞ்சவுக தின்ன முள்ளங்கி, வெங்காயம், பூண்டுக்கு ஆன செலவுன்னு வாசிச்சிருக்கான். மொத்தம் 1,600 தாலந்து வெள்ளியாம்! அந்தப் புண்ணியவானும் சிரத்தையா எழுதி வச்சுட்டுப் போயிட்டான். அப்பேர்ப்பட்ட வம்சத்துல வந்தவன் உனக்கும் ஏதாச்சும் ஒண்ணு எடுத்து விட மாட்டானா?

ஸ்ஃபிங்ஸ் சிலையோட மூக்கை நெப்போலியன் பீரங்கி வச்சு ஒடச்சான்னு சொல்லுவான். நார்டன்னு ஒரு டேனிஷ்காரன் 1737-ல வரைஞ்ச படத்துலயே மூக்கு கெடையாது. நெப்போலியன் பொறந்ததே 1769-ல. இது உனக்குத் தெரியும்னு காட்டிக்கிடாதே. அவன் மொகம் சுருங்கிட்டா அடுத்த நல்ல கதையை முழுங்கிருவான். 1990-ல ஒரு குதிரை காலு இடறிச் செங்கல் சுவத்துல முட்டப் போய்த்தான் பிரமிடு கட்டுனவுக சமாதி ஆப்புட்டதுங்கிறதை அவன் வாயால கேளு. அது நெசம். கட்டுனவுக அடிமையில்ல, வேலையாளுக, செத்த பொறவு ராசா காலடியிலயே எடம் கெடைச்சவுகன்னு அதுல இருந்துதான் ஊருக்கு ஒறைச்சது.

கான் எல்-கலீலி சந்தைக்குப் போகையில ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். பேரம் பேசு, டீ கொடுத்தா குடி, பிடிச்சா வாங்கு. பாப்பிரசுன்னு விக்குததை வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. நெசமான பாப்பிரசுல குறுக்கும் நெடுக்குமா நார் தெரியும், வளைச்சாலும் ஒடியாது. வாழைச் சருகுல செஞ்சது வெடிச்சுரும். ஆனா வாங்குன பொறவு விலையை உன் சேக்காளிக்கிட்ட மூச்சு விடாதே! கடைக்காரன் ஒரு தடவைதான் ஏமாத்துவான். 'இதையே நான் பாதி விலைக்கு வாங்குனேனே'ன்னு சொல்லுத சேக்காளி, நீ செத்தன்னைக்கும் பந்தல்ல உக்காந்து அதைச் சொல்லுவான். நாங்க போகையில ஒரு பித்தளை வெளக்கால மூணு வேளை பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. யாரு வாங்குனது, என்ன விலைன்னு கேக்காதே.

பெரிய எகிப்து மியூசியம் 2025 நவம்பர்ல முழுசாத் தொறந்தாச்சு, துத்தன்காமுன் ராசாவோட சாமானெல்லாம் அங்கதான் இருக்கு. அதுக்கு ஒரு நாளை முழுசா ஒதுக்கிரு. ஆனா மம்மியாக் கெடக்குத ராசாக்களைப் பாக்க ஃபுஸ்தாத் மியூசியத்துக்குப் போகணும். 2021-ல 22 மம்மிகளைத் தடபுடலா ஊர்வலம் வச்சுக் கொண்டுபோய் அங்க சேத்தாக. அதுல ரெண்டாம் ராம்சேசு படுத்திருப்பான். 66 வருசம் ஆண்டவன். கெழவனோட மூக்கைப் பாரு, இன்னும் கெத்தா நிக்கும். அந்த மூக்குக்குள்ள மெளகு இருந்துச்சுலே! மெளகுக்குச் சொந்த ஊரு நம்ம மேற்கு மலைதான்.

பொறவும் நம்மாளு விடலை. செங்கடல் கரையில பெரெனிகேங்கிற பழைய துறைமுகத்துல நம்ம நாட்டுப் பெரிய பானை ஒண்ணு, உள்ள ஏழரைக் கிலோ மெளகோட கெடைச்சது. அதே கரையில குசைர்ல கெடைச்ச பானை ஓட்டுல 'பானை உறி'ன்னு நம்ம பழைய எழுத்துலயே கீறியிருக்கான். இந்தியச் சரக்கு வருசத்துக்கு 5 கோடி செஸ்டர்சுக் காசை ரோமுகிட்ட இருந்து உறிஞ்சிட்டுப் போகுதேன்னு ரோமாபுரியில பிளினின்னு ஒருத்தன் பொலம்பி எழுதி வச்சிருக்கான். அந்தச் சரக்குல பெரும்பங்கு எகிப்து வழியாத்தான் போச்சு. நம்ம பாட்டன்மாரு அந்தத் துறையில நின்னு மெளகுக்கு என்ன விலை சொல்லியிருப்பாக, அதுல நெசம் எம்புட்டு, கூடுதல் எம்புட்டுன்னு நெனச்சுப் பாரு. தலையில துண்டு சுத்துதவனுக்கு நீ கொடுக்கப் போற அம்பது பவுண்டு எந்தக் கணக்குல போகுதுன்னு வெளங்கும்.

இந்த மெளகுக் கணக்கை ஒட்டகக்காரன்கிட்ட மட்டும் ஒளறிராதே. 2,000 வருசத்துக்கு வட்டி போட்டுக் கேப்பான்.