இரத்தக் காட்டேரிப் படங்களும் விடிவதற்குள் திருப்பித் தரவேண்டிய டெக்கும்: ஒரு ஹைதராபாத் ஆய்வு

ஒரே இரவில் மூன்று டிராகுலா படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பதற்கு மேல்நாட்டார் 'மாரத்தான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பட்டம் ஹைதராபாத்தில் செல்லுமா என்பதே இவ்வாய்வின் முதற்கேள்வி. எடுத்துக்கொண்ட படங்கள்: முர்னாவ் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' (1922), பேலா லுகோசியின் 'டிராகுலா' (1931), ஹாமர் நிறுவனத்துக்காகக் கிறிஸ்டோபர் லீ நடித்த 'டிராகுலா' (1958). முதலாவது ஒன்றரை மணி நேரம், அடுத்தது 75 நிமிடம், கடைசி 82 நிமிடம். கூட்டினால் நாலு மணி நேரமும் சொச்சமும். கர்ணன், துரியோதனன், கிருஷ்ணன் என மூன்று வேடத்தில் என்.டி.ஆர். வந்த 'தான வீர சூர கர்ணா' (1977) ஒற்றைப் படமாகவே அந்தத் தூரத்தை நெருங்கிவிடும். 'ஆர்ஆர்ஆர்' மூன்று மணி நேரத்தைத் தாண்டும். ஆகவே வெள்ளைக்காரனின் மாரத்தான் இவ்வூரில் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை.

வரலாற்றுக்கு வருவோம். இரவெல்லாம் படம் பார்க்கும் வழக்கத்துக்குக் கலைத்தாகம் காரணமல்ல, வாடகைதான் காரணம் என்பது என் துணிபு. எண்பதுகளில் வீடியோ டெக்கை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்துவந்தால் கூடவே மூன்று நான்கு கேசட்டும் வரும். விடிந்ததும் கடைப்பையன் வாசலில் நிற்பான். கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்பதற்காகவே ஒரு தலைமுறை கண்விழித்தது. அந்தத் தலைமுறையின் கடைக்காரர்களில் ஒருவர் ராம் கோபால் வர்மா. அமீர்பேட்டையில் வீடியோ கடை நடத்தியவர், 1989இல் 'சிவா' எடுத்தார், 1992இல் ரேவதியை வைத்து 'ராத்ரி' என்று ஊரையே பயமுறுத்தினார். பேய்ப்படக் கல்விக்கு இதைவிடச் சிறந்த பல்கலைக்கழகம் உஸ்மானியா உட்பட எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது சூரியன். பிராம் ஸ்டோக்கரின் நாவலில் (1897) டிராகுலா பகலிலும் நடமாடுவார். வெயிலில் சக்தி குறையுமே தவிர உயிர் போகாது. விடியல் வெளிச்சம் பட்டுக் காட்டேரி புகையாகிப் போவது முர்னாவ் படத்தில் வந்தது. சேவல் கூவுகிறது, நேரம் பார்க்காமல் உட்கார்ந்திருந்த காட்டேரி ஆர்லாக் பிரபு காணாமல் போகிறார். எங்கள் மாரேட்பள்ளி வீட்டில் இதைப் பார்த்த பாட்டி, "கோழி கூவினா செத்துப்போற பிசாசுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார். ஊமைப்படம் என்பதால் சகினாலு முறுக்கு கடிபடும் சத்தம் தவிர வேறு ஒலி இல்லை. பக்கத்து வீட்டு ராவ் காரு எழுத்து அட்டைகளைத் தெலுங்கில் வாசித்துச் சொன்னார். ஆர்லாக் பேசாத வசனங்களும் அவற்றில் சில இருந்தன.

இந்தப் படம் நமக்கு நெருக்கமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது உரிமை வாங்காமல் எடுத்த படம். டிராகுலாவை ஆர்லாக் ஆக்கினால் கதை மாறிவிடும் என்ற நம்பிக்கை கோடம்பாக்கத்தின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு இதுவே சான்று. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டார்; பிரதிகளையெல்லாம் அழிக்கும்படி 1925இல் தீர்ப்பு வந்தது. தப்பிய பிரதிகளால்தான் படம் பிழைத்தது. திருட்டு கேசட்டில் பார்த்தவர்கள் குற்றவுணர்ச்சி கொள்ளத் தேவையில்லை, மரபு அப்படி.

பூண்டு பற்றிய பொதுக்கருத்தும் திருத்தப்பட வேண்டும். இஞ்சி-பூண்டு விழுது ஊறிய பிரியாணி தின்னும் ஊருக்குள் டிராகுலா வரமாட்டார் என்று ராவ் காரு ஆதாரமின்றி வாதிட்டார். 1931 படத்தில் லுகோசியை விரட்டுவது பூண்டே அல்ல, ஓநாய்க்கொல்லி என்னும் ஒரு நச்சுச்செடி. பூண்டுப்பூ வேலை செய்வது ஹாமர் படத்தில்தான். அதிலும் வேலைக்காரம்மா அதை எடுத்து வெளியே வைத்துவிடுவதால் ஓர் உயிர் போகிறது. லுகோசிக்குக் கோரைப்பல்லும் கிடையாது. படம் முழுக்கக் கண்ணாலேயே மிரட்டிவிட்டுப் போகிறார். லீக்குப் பல் உண்டு, கண்ணில் இரத்தச் சிவப்பு உண்டு, வசனம்தான் பஞ்சம்: தொடக்கத்தில் கோட்டைக்கு வரும் ஹார்க்கரிடம் பேசியதோடு சரி. 1966இல் வந்த அவருடைய அடுத்த டிராகுலா படத்தில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆர்டிசி கிராஸ் ரோட்ஸ் தியேட்டர் ரசிகர்கள் வசனமில்லாத வில்லனை எத்தனை நிமிடம் பொறுப்பார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

நம் பேய்களோடு ஒப்பிடாமல் ஆய்வு நிறைவுறாது. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி'யில் (1978) பேய் மருமகள் விறகுக்குப் பதில் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கிறாள். டிரான்சில்வேனியப் பிரபுவும் வேலையாள் இல்லாமல் தானே மேசை பரப்பி, விருந்தாளிக்குப் படுக்கை போட்டவர்தான். நாவலில் அது இருக்கிறது. படமெடுத்தவர்கள் அதைச் சரியாகக் காட்டவில்லை. பிரபுவின் மரியாதையைக் காப்பாற்றினார்களாம். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

பார்க்கும் வரிசை இதுதான்: ஊமைப்படம் முதலில், கண் தெளிவாக இருக்கும்போதே. லுகோசி நடுவில், பின்னணி இசையே கிட்டத்தட்ட இல்லாத படம் என்பதால் தூங்குபவர் தூங்கிக்கொள்ளலாம். வண்ண இரத்தம் கடைசியில். நாலாவதாக ராம்சே சகோதரர்களின் 'பந்த் தர்வாஸா' (1990) போடலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போடுங்கள். பாட்டு வரும்போது எழுந்துபோய் டீ போட்டுவிட்டு வரலாம். மற்ற மூன்றிலும் அந்த வசதி கிடையாது.