காலையில் ஒரு பைண்ட் கடல்நீர்

எழுபது வயதைத் தாண்டிய பிரிட்டிஷ்காரரிடம் அவருடைய சிறுவயதுக் கடற்கரை விடுமுறையைப் பற்றி மட்டும் வாய்தவறிக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் கண் கலங்கிவிடுவார். அம்மா கையால் பின்னிய கம்பளி நீச்சலுடை ஒருமுறை நனைந்ததும் முழங்கால் வரை தொங்கியது, ரொட்டிக்குள் மணல் நறநறத்தது, காற்றை மறிக்க நட்ட துணித்தட்டிக்குப் பின்னால் அப்பா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தது, ஜூலை மாதத்தில் உதடு நீலம் பாரித்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "என்ன அருமையான காலம்!" என்று பெருமூச்சு விடுவார். இதில் அருமை எங்கே வந்தது என்று நமக்குப் புரியாது.

பழைய கதையைக் கொஞ்சம் புரட்டினால் புரிந்துவிடும். இந்த விடுமுறை யாருடைய சந்தோஷத்துக்காகவும் ஏற்பட்டதில்லை. அது மருந்துச் சீட்டில் பிறந்தது.

1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர், கழலை நோய்களுக்குக் கடல்நீரே கைகண்ட மருந்து என்று ஒரு நூல் எழுதினார். அதை லத்தீனில் எழுதினார். லத்தீனில் எழுதினால் எதையும் குடிக்க வைத்துவிடலாம் என்பது அந்தக் காலத்து வைத்தியத் தொழிலின் முதல் பாடம். கடலில் முங்கினால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும். வளர்ந்த ஆளுக்கு அளவு ஒரு பைண்ட், ஏறக்குறைய அரை லிட்டர். மூன்று நான்கு முறை வயிறு கழியும், கூடவே நோயும் கழிந்துவிடும் என்பது டாக்டரின் கணக்கு. கணக்கில் முதல் பாதி நிச்சயம் பலித்திருக்கும். நம் வீடுகளில் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினார்களே, அதே சங்கதிதான். என்ன, நம் பாட்டிகள் அதை உல்லாசப் பயணம் என்று சொல்லி ஊர்விட்டு ஊர் அழைத்துப் போகவில்லை.

ரஸ்ஸல் கடை விரித்த இடம் பிரைட்டன். புயலும் கடலரிப்பும் தின்றது போக மிச்சமிருந்த ஒரு மீன்பிடி ஊர். பணக்கார நோயாளிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து குவிந்தார்கள். வர முடியாதவர்களுக்காகக் கடல்நீரை பாட்டிலில் அடைத்து லண்டனில் விற்றார்கள். பச்சையாகக் குடிக்க முடியவில்லையா, பாலில் கலந்து குடியுங்கள் என்று பின்னால் வந்த ஒரு வைத்தியர் கருணை காட்டினார்.

குளிப்பதற்கும் ஒரு முறை இருந்தது. சக்கரம் வைத்த மரக்கூண்டுக்குள் ஏறி, இருட்டில் உடை மாற்ற வேண்டும். குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துப் போகும். கதவைத் திறந்ததும், இடுப்பளவு நீரில் நிற்கும் ஒரு பலசாலிப் பெண்மணி உங்களைப் பிடித்து முக்குவார். முக்கி எடுப்பதே அவருக்குத் தொழில். இந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர் பிரைட்டனின் மார்த்தா கன். சீமாட்டிகளின் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தவும் அதற்குக் கூலி வாங்கவும் உரிமை பெற்றிருந்த ஒரே உழைக்கும் வர்க்கம் அன்று இதுதான். கிழவி 1815இல் 88 வயதில் இறந்தார். கடல்நீரை அவரும் குடித்தாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ராஜாவும் இந்த வைத்தியத்துக்குத் தப்பவில்லை. சித்தம் கலங்கித் தேறிய மூன்றாம் ஜார்ஜை 1789இல் வேமத் கடற்கரைக்குக் கூட்டி வந்தார்கள். மன்னர் தண்ணீருக்குள் தலையை முக்கிய அதே கணத்தில், பக்கத்துக் குளியல் வண்டிக்குள் ஒளிந்திருந்த வாத்தியக்காரர்கள் தேசிய கீதத்தை முழங்கினார்கள். அரண்மனையில் பணிபுரிந்த எழுத்தாளர் ஃபேனி பர்னி இதைப் பதிவு செய்திருக்கிறார். இப்போதுதான் சித்தம் தெளிந்த மனிதர், குளிர்ந்த நீரிலிருந்து தலையைத் தூக்கினால் காதருகே பாண்டு வாத்தியம். அவர் மறுபடியும் கலங்கியதற்கு அரச குடும்பத்து நோய்தான் காரணம் என்கிறார்கள். இருக்கட்டும்.

அவருடைய மூத்த பிள்ளை வேறு ரகம். மருத்துவத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு கடன், காதல், விருந்து மூன்றையும் பிரைட்டனில் வளர்த்தார். அங்கே அவருக்காக ஜான் நாஷ் எழுப்பிய மாளிகையில் வெங்காயக் குமிழ்களும் மினார்களுமாக ஏதோ மொகலாயக் கனவு. இந்தியா பக்கமே எட்டிப் பார்க்காதவர் நாஷ். பார்த்திருந்தால் இவ்வளவு தைரியம் வந்திருக்காது.

விக்டோரியா காலத்தில் கடலோரத்துக்கு ஒழுக்கம் வந்து சேர்ந்தது. அதுவரை ஆண்கள் உடுப்பில்லாமல் குளித்துவந்த கடலில் கால்சட்டை கட்டாயம் என்றார்கள். ஃபிரான்சிஸ் கில்வர்ட் என்ற கிராமத்துப் பாதிரியார் 1874இல் ஷாங்க்ளின் கடற்கரையில் அந்தக் கால்சட்டையோடு இறங்கினார். அலை அடித்து அது கணுக்காலில் போய்ச் சுருண்டது. அந்தக் கோபத்தை நாட்குறிப்பில் விரிவாகக் கொட்டியிருக்கிறார் மனிதர். மானத்தைக் காக்க வந்த துணியே காலை வாரிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

இதுவரை நடந்ததெல்லாம் பெரிய மனிதர்களின் கூத்து. சாதாரண சனங்கள் ரயில் ஏறி வந்தார்கள். பிரைட்டனுக்கு 1841இல் ரயில் வந்தது, பிளாக்பூலுக்கு 1846இல். லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் கிராமத்து மாதாகோயில் திருவிழாவாக இருந்த அது, ஆலைகள் வந்தபின் ஊரே மொத்தமாக ஆலையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் வாரமாகிவிட்டது. ஓல்டமுக்கு ஒரு வாரம், போல்டனுக்கு ஒரு வாரம். வருடம் முழுக்க அடுத்த தறியில் நின்றவன், பக்கத்து வீட்டுக்காரன், மேஸ்திரி எல்லாரும் ஒரே ரயிலில் ஏறி, ஒரே கடற்கரையில் இறங்கி, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்வார்கள். யாரிடமிருந்து தப்பிக்க நினைத்தார்களோ அவர்களையும் கூடவே அழைத்துப் போன விடுமுறை அது.

தங்குவது விடுதி வீட்டில். அந்த வீட்டுக்கார அம்மாள்கள் தனி இனம். பல வீடுகளில் மளிகையை நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும், அம்மாள் சமைத்துத் தருவார். வாரக் கடைசியில் பில் வரும். அதில் உப்பு மிளகுத்தூள் குப்பிக்குத் தனிக் காசு, வெந்நீருக்குத் தனிக் காசு. காலைச் சாப்பாடு முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும், மாலை வரை திரும்பக் கூடாது. வெளியே மழை கொட்டுகிறதே என்றால், அது கடவுளின் இலாகா. பஸ் நிழற்குடையில் அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள் வரிசையாக நின்று கடலை முறைத்துப் பார்த்ததுதான் பிரிட்டிஷ் குடும்ப ஒற்றுமையின் அஸ்திவாரம் என்பது என் எண்ணம்.

இதைப் பார்த்து மனம் நொந்தவர் பில்லி பட்லின். வேல்ஸில் பேரி தீவுக்குப் போனபோது, விடுதி வீட்டைவிட்டு விரட்டப்பட்ட குடும்பங்கள் மழையில் அலைவதைக் கண்டார். 1936இல் ஸ்கெக்னஸில் பெரிய முகாம் ஒன்றைத் திறந்தார். மூன்று வேளைச் சாப்பாடு, கேளிக்கை இலவசம், யாரும் வெளியே தள்ளமாட்டார்கள். வந்த சனங்களுக்கோ சும்மா இருந்து பழக்கமில்லை, ஒருவரோடொருவர் பேசாமல் முழித்தார்கள். உடனே சிவப்புக் கோட்டு மாட்டிய உற்சாகப்படுத்தும் படை ஒன்றை ஏற்படுத்தினார். அப்புறம் காலையில் ஒலிபெருக்கி எழுப்பும், மணியடித்தால் சாப்பாடு, பிறகு யாருக்கு முழங்கால் அதிகம் புடைத்துக்கொண்டிருக்கிறது என்று போட்டி. போர் வந்ததும் கடற்படை இந்த முகாமை எடுத்துக்கொண்டு பயிற்சிக் கூடமாக்கியது. பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருந்திருக்காது.

ஸ்கெக்னஸின் பெருமை என்ன? காற்று. வட கடலிலிருந்து நேராக வந்து முகத்தில் அறையும் காற்று. அதையே விளம்பரமாக்கியது ரயில் கம்பெனி. தொந்தி போட்ட மீனவர் ஒருவர் கடற்கரையில் குதூகலமாகத் துள்ளுகிற 1908ஆம் வருடத்துச் சுவரொட்டி மிகப் பிரபலம். வரைந்தவர் ஜான் ஹாசல், கூலி 12 கினி. அதை வரையும்வரை அவர் ஸ்கெக்னஸைப் பார்த்ததில்லை. அந்தத் துள்ளல் அப்படித்தான் சாத்தியமாயிற்று. சௌத்எண்டில் நிலைமை இன்னும் மோசம். கடல் வடிந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். கப்பல் வந்து நிற்கத் தண்ணீர் இல்லை. சரி, கடல் வராவிட்டால் நாம் போவோம் என்று கடலுக்குள் பாலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். இன்று அதன் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். உலகிலேயே நீளமான கேளிக்கைப் பாலம் அது. பலமுறை தீப்பிடித்தது, 1986இல் ஒரு கப்பல் நடுவில் புகுந்து அறுத்துக்கொண்டு போனது. அத்தனை பெரிய பாலம் கப்பல்காரர் கண்ணில் மட்டும் படவில்லை.

மீதி 51 வாரம்? கிராமத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கும் ஒரு தனிப் பெருமூச்சு உண்டு. கூரை வேய்ந்த வீடு, பச்சைத் திடலில் கிரிக்கெட், சைக்கிளில் பாதிரியார். தோட்டத்துக் கோடியில் இருந்த கழிப்பறைக்கு ஜனவரி இரவில் மெழுகுவத்தியோடு நடந்ததும், சனிக்கிழமை இரவு அடுப்பங்கரையில் தகரத் தொட்டியை வைத்து, முதலில் குளித்தவரின் தண்ணீரிலேயே கடைசிப் பிள்ளை வரை குளித்ததும் நினைவில் ஏனோ கீழே போய்விடும். கோடை விழாவில் பூசணிக்காய்ப் போட்டி, கேக்கின் எடையை ஊகிக்கும் போட்டி. குளோஸ்டர்ஷயரில் கூப்பர்ஸ் ஹில் என்ற செங்குத்துச் சரிவில் ஒரு வட்டப் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டு, அதன் பின்னால் ஆட்கள் தலைகுப்புற விழுந்து உருள்வார்கள். கை கால் உடையும். முதலில் அடிவாரத்தை அடைகிறவருக்கு அந்தப் பாலாடைக்கட்டி பரிசு. கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிற பொருள் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

மாதர் சங்கத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். பிரிட்டனில் முதல் மாதர் சங்கம் 1915இல் வேல்ஸின் லான்வைர்ப்புல் என்ற கிராமத்தில் தொடங்கியது. நான் எழுதியது சுருக்கம், முழுப் பெயருக்கு 58 எழுத்து. ரயில் பயணிகளை இறங்க வைப்பதற்காக 1860களில் உள்ளூர்க்காரர்கள் இழுத்து நீட்டிய பெயர் என்கிறார்கள். இந்தச் சங்கத்துப் பெண்கள் போரின்போது அரசாங்கம் கொடுத்த சர்க்கரையை வைத்து 1940இல் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் ஜாம் முதலியவற்றைக் காய்ச்சித் தள்ளினார்கள். ஹிட்லர் படை இறங்காததற்கு விமானப்படையைப் புகழ்கிறவர்கள் இந்த ஜாமையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

கிராமத்தையும் கடற்கரையையும் ஒரே ஆளில் பார்க்க வேண்டுமென்றால் ஹெரால்டு டேவிட்சன்தான். நார்ஃபோக்கில் ஸ்டிஃப்கி என்ற சிற்றூரின் பாதிரியார். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் லண்டனில் வழிதவறிய பெண்களைக் கரையேற்றப் போய்விடுவார். எத்தனை பேர் கரையேறினார்கள் என்று தெரியாது, அவர் மூழ்கினார். 1932இல் திருச்சபை நீதிமன்றம் ஒழுக்கக்கேடு என்று தீர்ப்பளித்து அங்கியைப் பறித்தது. நான் நிரபராதி, மேல்முறையீட்டுக்குப் பணம் வேண்டும் என்று நேராக பிளாக்பூல் போனார். கடற்கரைச் சாலையில் ஒரு பீப்பாய்க்குள் உட்கார்ந்துகொண்டார். சனம் காசு கொடுத்து வரிசையில் நின்று பார்த்தது. பிறகு பட்டினி கிடந்து காட்டினார், தற்கொலை முயற்சி என்று பிடித்தார்கள். விடுதலையாகி, நகராட்சி மீதே வழக்குப் போட்டு நஷ்டஈடும் வாங்கினார். 1937 ஜூலையில் ஸ்கெக்னஸ் கேளிக்கைப் பூங்காவில் அடுத்த காட்சி. முதலில் தன் வழக்கைப் பற்றி ஒரு பிரசங்கம், பிறகு சிங்கக் கூண்டுக்குள் பிரவேசம். பைபிளில் தானியேல் சிங்கக் குகையிலிருந்து முழுதாக வெளியே வந்தார். இவர் பெண் சிங்கத்தின் வாலை மிதித்துவிட்டார் என்கிறார்கள். ஃபிரெடி என்ற ஆண் சிங்கம் பாய்ந்தது. காப்பாற்ற ஓடியவள் சிங்கங்களைப் பழக்கும் 16 வயதுப் பெண். இரண்டு நாளில் பாதிரியார் இறந்தார். ஸ்டிஃப்கியில் நடந்த அடக்கத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு அதுவும் ஒரு காட்சி.

இதையெல்லாம் சகித்துக்கொண்ட சட்டம், கடற்கரையில் விற்ற அஞ்சலட்டையில் மட்டும் கண்டிப்பு காட்டியது. பருத்த மாமிகளும் மெலிந்த கணவர்களுமாக இரட்டை அர்த்தக் கேலிச் சித்திரம் வரைந்த டொனால்டு மெக்கில் மீது 1954இல் ஆபாச வழக்கு. 50 பவுண்டு அபராதம், செலவுத் தொகை வேறு. அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. அந்த அட்டைகளைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் கட்டுரை எழுதிப் பதிமூன்று வருடம் ஆகியிருந்தது. நீதிபதிகள் படித்திருக்கமாட்டார்கள்.

இதற்குள் ரகசியம் கசிந்துவிட்டது. 1950இல் விளாதிமிர் ரைட்ஸ் என்பவர் 32 பவுண்டு 10 ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஆட்களை விமானத்தில் கோர்சிகா தீவுக்குக் கூட்டிப் போனார். படுக்கை கூடாரத்தில்தான், ஆனால் அங்கே வெயில் அடித்தது. வெயில் அடிக்கிற கடற்கரை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று ஊரே அசந்துபோனது. 1963இல் பீச்சிங் அறிக்கை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரயில் நிலையங்களை மூடச் சொன்னபோது, கடற்கரைக்குப் போன பல கிளைப் பாதைகளும் கிராமத்து நிலையங்களும் அதில் அடிபட்டன. நிலையத்தை மூடாதே என்று ஒப்பமிட்டவர்களில் எத்தனை பேர் அந்தக் கோடையில் ஸ்பெயினில் இருந்தார்களோ. ஆகவே என் தீர்ப்பு இதுதான்: பிரிட்டிஷ்காரர்கள் அந்தக் கடற்கரையை நேசித்ததாகச் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த நேசம் அங்கிருந்து தப்பித்தபிறகு வந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், ஜூலையானாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்பூலில் கழுதைச் சவாரி பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரச் சட்டம் வந்தது 1938இல். அந்த ஊர்க் கழுதைகளுக்கு அடுத்த நான்கே வருடத்தில், 1942இல், நகராட்சி விதி வந்துவிட்டது: தினமும் சாப்பாட்டு இடைவேளை உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை.